பதிவேட்டில் ‘ஆம்’, கடிகாரத்தில் அரை நிமிடம்: தொப்புள்கொடிக்குக் கிளாம்ப் போடும் நேரம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு நடந்த பிரசவப் பிரிவில் சிக்கல் இல்லாத பிரசவங்களை மகப்பேறு செவிலியர்களே பார்க்கிறார்கள். மகப்பேறு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் அழைத்தால் வருவார்கள். செவிலியர்களுக்கான தொடர்பயிற்சி என் பொறுப்பில் இருந்தது.

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு, மூன்று நிமிடத்துக்குள் தொப்புள்கொடிக்குக் கிளாம்ப் (கொடியை இறுக்கி மூடும் கவ்வி) போட வேண்டும் என்ற நெறிமுறை பிரசவ அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. பதிவேட்டிலும் அதற்கென ஒரு கட்டம் உண்டு. ‘தாமதமாகக் கிளாம்ப் போடப்பட்டதா?’ என்ற கேள்வி, ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு விடைகள். பழைய பக்கங்களைப் புரட்டினால் ‘இல்லை’ அரிதாகவே கண்ணில் படும். பயிற்சி முடிவில் வைக்கும் தேர்விலும் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்ற கேள்விக்கு எல்லோரும் சரியாகவே எழுதியிருந்தார்கள். தாளை மட்டும் பார்த்தால் இந்தப் பிரிவில் கற்பிக்க எதுவும் மிச்சமில்லை.

நெறிமுறையின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறக்கும் கணத்தில் குழந்தையும் நஞ்சுக்கொடியும் பகிர்ந்துகொள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நஞ்சுக்கொடிப் பக்கம் இருக்கிறது. கொடியைத் தொடாமல் விட்டால் முதல் நிமிடத்திலேயே சுமார் 80 மில்லிலிட்டரும், மூன்று நிமிடத்தில் சுமார் 100 மில்லிலிட்டரும் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. மூன்று கிலோ குழந்தையின் உடலில் ஓடுவதே கால் லிட்டருக்குச் சற்று மேல்தான் என்பதை நினைத்தால் இது சிறிய அளவல்ல. அந்த இரத்தத்தில் வரும் இரும்புச்சத்து அடுத்த சில மாதங்களுக்கான சேமிப்பாகிறது. சுவீடனில் 400 குழந்தைகளை வைத்துச் செய்து 2011-இல் வெளியான ஆய்வில், பத்து விநாடிக்குள் கிளாம்ப் போடப்பட்ட குழந்தைகளில் 5.7 சதவீதத்தினருக்கு நான்காம் மாதத்தில் இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தது. மூன்று நிமிடம் பொறுத்த குழந்தைகளில் அது 0.6 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2012-லும் 2014-லும் ஒரு நிமிடத்துக்கு முன் கிளாம்ப் போட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி 2017-இல் நிறைமாதக் குழந்தைகளுக்கும் குறைந்தது 30 முதல் 60 விநாடி பொறுக்கச் சொன்னது.

நடந்தது

தாய்க்கு இது இரண்டாவது பிரசவம். நிறைமாதம். கர்ப்பகாலத்தில் இரத்தசோகை இருந்து, மாத்திரையால் ஓரளவு தேறியிருந்தார். தொப்புள்கொடி விஷயத்தில் பொறுத்துச் செய்யும்படி அவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். அந்தக் கோரிக்கை கேஸ் ஷீட்டில் குறிக்கப்பட்டிருந்தது. பிரசவ அறையில் துணைக்கு அவருடைய அக்கா இருந்தார்.

தலை வெளிவந்த பிறகு தோள்கள் அடுத்த வலிக்காகக் காத்திருந்தன. அது இயல்பான இடைவெளிதான். குழந்தை வெளிவந்ததும் அழுதது, கைகால்களை உதறியது. உதவியாளர் தாயின் தொடையில், கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை 10 யூனிட் போட்டார். ஊசி போட்டு முடிந்த அதே வேகத்தில், பிரசவம் பார்த்த செவிலியர் இரண்டு கிளாம்ப் போட்டுக் கொடியை வெட்டினார்.

“சிஸ்டர், ஒரு நிமிடமாவது பொறுப்போம் என்று சொன்னீர்களே?” என்று அக்கா கேட்டார். அவர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்.

“பொறுத்துத்தான் அம்மா போட்டேன்,” என்றார் செவிலியர்.

பதிவேட்டில் ‘ஆம்’ என்று எழுதினார். தாயும் சேயும் நலமாக வார்டுக்குப் போனார்கள். மறுநாள் அந்தத் தாய் வார்டு பொறுப்பாளரிடம் இதை ஒரு புகாராகச் சொல்லவில்லை. ‘என் அக்கா அரை நிமிடம்கூட ஆகவில்லை என்கிறார், சிஸ்டர் பொறுத்ததாகச் சொல்கிறார், எது சரி?’ என்று மட்டுமே கேட்டார். உதவியாளரிடம் விசாரித்ததில், அக்கா சொன்னதுதான் நடந்ததற்கு நெருக்கமாக இருந்தது.

முதல் முடிவு

பொறுப்பாளரின் முதல் எண்ணம் அந்தச் செவிலியரிடம் எழுத்து விளக்கம் கேட்பது. அது வேண்டாம் என்று தீர்மானித்தோம். அவர் மனமறிந்து பொய் எழுதுபவர் இல்லை என்பது உடன் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். பொறுத்ததாக அவர் உண்மையிலேயே நம்பினார் என்றால், அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. விளக்கக் கடிதம் அதற்குப் பதில் தராது. கடிதம் கேட்டிருந்தால் மற்றவர்கள் வாயைத் திறக்கவும் மாட்டார்கள்.

இன்னொரு எழுத்துத் தேர்வு வைப்பதையும் கைவிட்டோம். தேர்வில் எல்லோரும் ஏற்கெனவே தேறியவர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவது, பிரசவங்களின்போது ஓரமாக நின்று கடிகாரத்துடன் கவனிப்பது என்று முடிவாயிற்று. கவனிக்கிறோம் என்பதை மறைக்கவில்லை.

பேசியபோதும் பார்த்தபோதும் தெரிந்தவை

நிகழ்வில் தொடர்புடைய செவிலியர் நேரத்தைத் தலை வெளிவந்ததிலிருந்து கணக்கிட்டு வந்திருக்கிறார். தோள்களுக்காகக் காத்திருந்த நேரமும் அவருடைய ஒரு நிமிடத்துக்குள் போய்விட்டது. குழந்தை முழுதாக வெளிவந்த கணத்திலிருந்துதான் எண்ண வேண்டும் என்பது சுவரில் ஒட்டிய தாளில் இல்லை. எங்கள் பயிற்சிக் குறிப்பிலும் அது வெளிப்படையாக எழுதப்படவில்லை.

இன்னொருவர், பொறுப்பது குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டும் என்று எண்ணியிருந்தார். வேறொருவர் துடிப்பு நிற்கும் வரை கொடியை விரலால் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்; துடிப்பு நின்றால் இரத்த ஓட்டமும் நின்றுவிட்டது என்பது அவர் கணக்கு. ஒலியலைகளால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் கருவியை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஆய்வொன்று துடிப்புக்கும் ஓட்டத்துக்கும் அப்படி நேரடித் தொடர்பு இல்லை என்று காட்டியிருக்கிறது. பொறுப்பதற்கு அது தடையல்ல என்பதால் அவரை நாங்கள் வற்புறுத்தி மாற்றவில்லை.

குழந்தையைத் தாயின் வயிற்றில் போட்டால் இரத்தம் திரும்ப நஞ்சுக்கொடிக்கே ஓடிவிடும் என்ற பயம் பலரிடம் இருந்தது. அதனால் தாய்க்குக் கீழே, ஈரத்தோடு, கையில் ஏந்தியபடியே நின்றார்கள். அப்படி நிற்பவருக்கு ஒரு நிமிடம் மிக நீளம். கை வலிக்கும், குழந்தை குளிரும், வழுக்கிவிடுமோ என்ற அச்சம் வேறு. சீக்கிரம் வெட்டிவிடத் தோன்றுவதில் வியப்பில்லை. அர்ஜென்டினாவில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கீழே பிடித்த குழந்தைகளும் தாயின் வயிற்றிலோ மார்பிலோ போட்ட குழந்தைகளும் இரண்டு நிமிடத்தில் ஏறத்தாழ ஒரே அளவு எடை கூடியிருந்தார்கள். இந்த ஒரு செய்தியைச் சொன்னதும் பலர் முகத்தில் தெரிந்த நிம்மதி, மற்ற எந்தச் சான்றுக்கும் தெரியவில்லை.

பணியில் மூத்தவர் ஒருவர் சொன்னதை இங்கே தனியாகப் பதிய வேண்டும். “நான் சேர்ந்த காலத்தில் கொடி வெளுத்துத் துவண்ட பிறகுதான் கட்டுவோம். பிறகு ஒரு பயிற்சியில், பிறந்த உடனே கட்டு என்றார்கள். இப்போது மறுபடியும் பொறு என்கிறீர்கள். அடுத்த பயிற்சியில் என்ன சொல்வீர்கள்?” என்றார். கேட்டது நியாயம். அவசரமாகக் கட்டுவது குழந்தைக்குக் கேடு என்று ஆங்கிலேய மருத்துவர் எராஸ்மஸ் டார்வின் 1801-லேயே எழுதியிருக்கிறார். உடனே கட்டும் வழக்கம் வேரூன்றியதற்கு ஒரு காரணம், பிரசவத்துக்குப் பின் தாய்க்கு ஏற்படும் இரத்தப்போக்கைத் தடுக்க உருவான மூன்று செயல்களின் தொகுப்பு: கர்ப்பப்பையைச் சுருக்கும் ஊசி, உடனடிக் கிளாம்ப், கொடியை மெல்ல இழுத்து நஞ்சுக்கொடியை வெளியே எடுத்தல். மூன்றும் சேர்ந்து பலன் தந்ததால் மூன்றும் தேவை என்று கற்பிக்கப்பட்டது. பலனில் பெரும்பங்கு ஊசியுடையது என்பது பிற்பாடுதான் தெளிவாயிற்று. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2013-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, பொறுத்துக் கிளாம்ப் போடுவதால் தாய்க்குக் கடும் இரத்தப்போக்கு கூடவில்லை என்று காட்டியது. இந்த வரலாற்றை அந்த மூத்தவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புதிய விதியை மட்டும் கொடுத்தார்கள், பழைய விதி ஏன் போயிற்று என்று சொல்லவில்லை. அவர் மனதில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

மருந்தின் நிமிடம், மூச்சின் நிமிடம், கொடியின் நிமிடம்

பிரசவங்களைக் கவனித்த பிறகுதான் முடிச்சு எங்கே என்று பிடிபட்டது. இந்தச் செவிலியர்களுக்கு அந்த ஒரே நிமிடத்துக்கென மூன்று விதிகள் கற்பிக்கப்பட்டிருந்தன. பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்ஸிடோசின். மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் செயற்கை மூச்சு. கொடியை ஒரு நிமிடத்துக்கு முன் தொடாதே. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு பயிற்சியாளர்களிடம், வெவ்வேறு பொம்மைகளை வைத்துக் கற்றவை இவை. மூன்றையும் ஒரே கட்டிலில், ஒரே ஜோடிக் கைகளால் எப்படிச் செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் வரவில்லை.

அதனால் அவரவர் ஒரு தீர்வு கண்டுபிடித்திருந்தார்கள். ஊசி போட்டால் கர்ப்பப்பை இறுகி, குழந்தைக்குத் திடீரென அதிக இரத்தம் பாய்ந்துவிடும், ஆகவே ஊசிக்கு முன்போ உடனடியாகப் பின்போ கொடியை மூடிவிட வேண்டும் என்பது பரவலான எண்ணம். தசையில் போடும் ஆக்ஸிடோசின் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். ஊசிக்கும் கிளாம்புக்கும் வரிசை கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் ஊசி என்றால் அடுத்தது கிளாம்ப் என்று கை பழகிவிட்டது. எங்கள் நிகழ்வில் நடந்ததும் அதுதான். தலையிலிருந்து எண்ணியது ஒரு காரணம். ஊசியைக் கண்டதும் கை தானாகக் கிளாம்பை எடுத்தது அதைவிடப் பெரிய காரணம்.

குழந்தை சற்றுச் சோர்வாகப் பிறந்தால் நிலைமை இன்னும் மோசம். குழந்தையைச் சூடாக வைக்கும் மேசையான வார்மர் அறையின் எதிர்மூலையில் இருந்தது. குழந்தையைத் துடைத்துத் தூண்டுவதே வார்மரில்தான் என்ற பழக்கத்தால், அழச் சில விநாடி தாமதித்த குழந்தைகளுக்கும் உடனே கொடி வெட்டப்பட்டது. அவர்களில் பலர் வார்மருக்குப் போகும் வழியிலேயே அழுதார்கள். பெரிய சுவர்க் கடிகாரமோ பிரசவம் பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால். தாயின் அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த விநாடி முள், நேரத்தைக் கணிக்க வேண்டியவருக்குத் தெரியவில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் பதிவேடு. ‘ஆம்/இல்லை’ கட்டத்தை எடுத்துவிட்டு, எத்தனை விநாடி, குறைந்திருந்தால் ஏன் என்று எழுதும்படி மாற்றினோம். இந்த எண்களை யாருடைய பணி மதிப்பீட்டுக்கும் பயன்படுத்த மாட்டோம் என்று பொறுப்பாளர் கூட்டத்திலேயே சொன்னார். அந்த உறுதி இல்லாமல் விநாடி கேட்டால் எல்லாப் பக்கத்திலும் ‘60’ என்றே வந்து நிற்கும் என்பது என் கணிப்பு.

கடிகாரம் எதிர்ச்சுவருக்கு மாறியது. குழந்தை முழுதாக வெளிவந்ததும் உதவியாளர் நேரத்தை உரக்கச் சொல்வார். அரை நிமிடத்தில் ஒரு முறை, ஒரு நிமிடத்தில் ஒரு முறை மறுபடியும் சொல்வார். இன்னொரு குழந்தை இல்லை என்று வயிற்றைத் தொட்டு உறுதிசெய்துவிட்டு ஊசி போடுவதும் அவர் வேலை. பிரசவம் பார்ப்பவர் குழந்தையைத் தாயின் மேல் போட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, மூச்சைக் கவனிப்பார். ஊசி போட்டதும் அவர் கை கொடிக்குப் போகாமல் குழந்தையின் முதுகில் இருக்க வேண்டும். பயிற்சியில் நாங்கள் அதிகம் வலியுறுத்தியது இந்த ஒரு அசைவைத்தான்.

மூச்சு விடாத குழந்தையைப் பற்றித்தான் நீண்ட விவாதம் நடந்தது. கொடியை வெட்டாமலே தாயின் பக்கத்தில் வைத்துச் செயற்கை மூச்சு கொடுக்கலாம் என்ற ஆய்வுகளைச் சுட்டிக்காட்டி, அதையே நடைமுறையாக்க வேண்டும் என்றார் குழந்தை மருத்துவர். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த முறையில் பழக்கம் உள்ளவர்களே அப்படித் தொடங்கலாம் என்றும், மற்றபடி நல்ல மூச்சு கொடுப்பதற்காகக் கொடியை வெட்டலாம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. எங்கள் செவிலியர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே நடுவழியைத் தேர்ந்தோம்: துடைத்தலும் தூண்டுதலும் கொடியோடு, தாயின் மேலேயே. அதற்குப் பிறகும் மூச்சு வராவிட்டால் தயங்காமல் வெட்டி மூச்சு கொடுப்பது. செயற்கை மூச்சு கொடுக்கும் பையும் முகமூடியும் கட்டில் அருகே ஒரு தட்டுக்கு வந்தன.

எப்போது பொறுக்கக் கூடாது என்பதையும் மருத்துவர்களோடு பேசி எழுதினோம். தாய்க்குக் கடும் இரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிதல், கொடி அறுந்து குழந்தையின் இரத்தம் வெளியேறுதல் ஆகியவை அதில் இருந்தன. தாய்க்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது பட்டியலில் இல்லை என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருந்தது. அந்தத் தாய்மாரின் குழந்தைகளுக்கும் பொறுக்கவே பரிந்துரை இருக்கிறது.

விரிவுரை வைக்கவில்லை. பொம்மையும் கயிறும் எடுத்துக்கொண்டு, உண்மையான கட்டிலில், இரண்டு இரண்டு பேராகச் செய்து பார்த்தோம்.

பிறகு நடந்தவை

முதலில் எண்கள் சரிந்தன. அதாவது, முன்பு எங்கும் ‘ஆம்’ இருந்த இடத்தில் 20, 35, 40 என்று விநாடிகள் வரத் தொடங்கின. தரம் ஏன் திடீரென விழுந்தது என்று நிர்வாகத்திலிருந்து கேள்வி வந்தது. தரம் விழவில்லை, இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது என்று புரியவைக்கப் பொறுப்பாளருக்குக் கணிசமான நேரம் செலவாயிற்று. பிறகு விநாடிகள் மெல்ல உயர்ந்தன. சாதாரணப் பகல்நேரப் பிரசவங்களில் ஒரு நிமிடத்துக்குக் குறைவது காரணத்தோடு மட்டுமே என்ற நிலை வந்தது.

சோர்வாகப் பிறந்த ஒரு குழந்தையை, தொடக்க நிகழ்வில் இருந்த அதே செவிலியர் கையாண்டார். தாயின் வயிற்றில் வைத்துத் துடைத்தார், முதுகைத் தேய்த்தார். உதவியாளர் அரை நிமிடம் என்று சொல்வதற்குள் குழந்தை முகத்தைச் சுளித்து அழுதது. கொடி ஒரு நிமிடத்துக்குப் பிறகே வெட்டப்பட்டது. பழைய வழக்கப்படி அந்தக் குழந்தை வார்மருக்குப் போயிருக்கும். வேறொரு பிரசவத்தில் தூண்டியும் மூச்சு வரவில்லை; கொடி உடனே வெட்டப்பட்டு, பை முகமூடியால் மூச்சு கொடுக்கப்பட்டது, குழந்தை தேறியது. பதிவேட்டில் விநாடியும் காரணமும் ஒளிவு மறைவின்றி எழுதப்பட்டிருந்தன. இரண்டு பதிவுகளையும் நான் ஒரே அளவு வெற்றியாகவே எண்ணுகிறேன்.

நடுவில் ஒரு சறுக்கல். பொறுத்துக் கிளாம்ப் போட்ட ஒரு குழந்தைக்கு மஞ்சள்காமாலை கூடி ஒளிசிகிச்சை தேவைப்பட்டது. ‘அப்போதே சொன்னோமே’ என்ற முணுமுணுப்பு வார்டு முழுக்கப் பரவியது. தாயின் இரத்த வகை ஓ, குழந்தையுடையது ஏ. காமாலைக்கு அதுவே போதுமான காரணம். ஆனாலும், பொறுத்தால் காமாலை கூடும் என்ற செவிலியர்களின் பயத்தை வெறும் கட்டுக்கதை என்று தள்ளவில்லை. காக்ரேன் தொகுப்பாய்வில், ஒளிசிகிச்சை தேவைப்பட்டவர்கள் பொறுத்தவர்களில் 4.36 சதவீதம், உடனே கட்டியவர்களில் 2.74 சதவீதம். வேறுபாடு சிறியது, ஆனால் இருக்கிறது. காமாலையைக் கவனித்துச் சிகிச்சை தர வசதி இருக்கும் இடத்தில் இரும்புச்சத்தின் பலன் அதைவிடப் பெரிது என்பதே பரிந்துரைகளின் நிலை. அதை எண்களோடு சொன்னபோது ஏற்றுக்கொண்டார்கள். ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று மட்டும் சொல்லியிருந்தால் ஏற்றிருக்க மாட்டார்கள்.

இதில் செவிலியர்களின் பக்கம் நின்று பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. காமாலை மூன்றாம் நாளில் அவர்கள் கண்ணெதிரே வருகிறது. தாய்க்கு இரத்தம் போனால் அதே அறையில், அவர்கள் கையில். ஆறாம் மாதத்தில் இரத்தசோகை வராமல் போன குழந்தையை அவர்கள் ஒருபோதும் பார்ப்பதில்லை. கெடுதி கண்ணுக்குத் தெரிந்து, பலன் எங்கோ வேறு வீட்டில் விளையும்போது, ஒருவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பயிற்சியின் பெரும்பகுதி இந்தச் சாய்வை ஈடுகட்டுவதாகவே இருந்தது.

கேள்வி கேட்ட தாய்க்கு, நடந்ததை வார்டு பொறுப்பாளர் நேரில் விளக்கினார். அரை நிமிடம்தான் ஆகியிருக்கும் என்பதை ஒப்புக்கொண்டார். குழந்தைக்கு இரும்புச்சத்து நிலையைப் பின்தொடரும்படி குழந்தை மருத்துவரின் குறிப்பும் சேர்க்கப்பட்டது.

மாற்ற வேண்டியவை

இதை மறுபடி தொடங்குவதானால் மருத்துவர்களையும் முதல் நாளிலிருந்தே உட்காரவைப்பேன். செவிலியர் பொறுத்துக்கொண்டிருக்கும்போது அறைக்குள் வந்த ஒரு பயிற்சி மருத்துவர் “இன்னும் வெட்டவில்லையா?” என்று கேட்டார், அந்த ஒரு வாக்கியத்தில் பல வாரப் பயிற்சி கலைந்தது. துணைக்கு வருபவரிடமும் முன்கூட்டியே, எப்போதிலிருந்து எண்ணுவோம், எப்போது பொறுக்க மாட்டோம் என்று சொல்லிவிடுவது நல்லது. கடிகாரத்தைப் பார்க்க அறையில் இன்னொரு ஜோடிக் கண் கிடைக்கும்.

இரவுப் பணி இன்னும் தீரவில்லை. இரண்டு பிரசவங்கள் ஒரே நேரத்தில் வந்தால் உதவியாளர் பிரிந்துவிடுகிறார். ஊசி, நேரம், குழந்தை மூன்றும் ஒருவர் தலையில் விழுகிறது. அந்தப் பக்கங்களில்தான் குறைந்த விநாடிகள் இருக்கின்றன. அதற்குத் தீர்வு ஆள்தான், பயிற்சி அல்ல. நிர்வாகத்துக்கு அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சிசேரியன் பிரசவங்கள் இந்த மாற்றத்துக்கு வெளியிலேயே இருக்கின்றன. அறுவை அரங்கில் கொடி அறுவை மருத்துவர் கையில், குழந்தை செவிலியர் கையில், நேரம் யார் கையிலும் இல்லை. அரங்குக் குழுவோடு முதல் கூட்டம் முடிந்திருக்கிறது. மயக்க மருந்துக் குழுவினரே நேரத்தைச் சொல்லலாம் என்ற யோசனை வந்தது. அவர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை.